சீருடையும் வேண்டும், கம்ப்யூட்டரும் வேண்டும்: சென்னை மாணவர்களுக்கு

பரங்கிமலையில் இருக்கும் ஆபீஸர்ஸ் டிரெய்னிங் அகாடமி, அதாவது ஓடிஏ, பட்டப்படிப்பு சொல்லித்தரும் கல்லூரி இல்லை. பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே சேர்ந்து கம்ப்யூட்டர் படித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் சென்னையில் நிறையப் பேர். 1963-ல் தொடங்கிய அந்த அகாடமி, ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களைக் குறுகிய காலப் பணி அதிகாரிகளாக்கும் இடம். பயிற்சி 49 வாரம். முடித்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டயம் கிடைக்கும். அதுவும் பாதுகாப்பு மேலாண்மை, உத்தி ஆய்வு சம்பந்தப்பட்டது. கம்ப்யூட்டருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ராணுவ அகாடமியில் கம்ப்யூட்டர் படிக்க இரண்டு கட்டங்களில் வழி இருக்கிறது: பிளஸ் டூ முடித்ததும் ஒன்று, பட்டம் முடித்த பிறகு ஒன்று. எதில் போனாலும் அங்கே முதலிடம் சீருடைக்குத்தான். நாள் முழுக்க நிரல் எழுதும் ஆசைதான் பெரிது என்றால் கிண்டியிலோ வேறெங்கோ பொறியியல் படித்துவிட்டு, பிறகு சீருடையைப் பற்றி யோசிப்பதே நல்லது.

பிளஸ் டூ முடித்ததும்

முதலில் என்டிஏ, அதாவது தேசிய பாதுகாப்பு அகாடமி. புனேக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லாவில் 3 ஆண்டு. பட்டம் தருவது டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம். ராணுவ, விமானப்படைப் பிரிவு கேடட்டுகளுக்கு பி.எஸ்சி. கம்ப்யூட்டர் உண்டு, கடற்படைப் பிரிவுக்கு பி.டெக். பி.டெக். படிப்பவர்களுக்குப் பட்டம் என்டிஏ முடிந்ததும் கைக்கு வராது. அடுத்துப் போகும் பயிற்சி அகாடமியையும் முடிக்க வேண்டும். எந்தப் படிப்பு என்பதை ஒதுக்குவதும் அகாடமிதான். கேட்டதே கிடைக்கும் என்ற நம்பிக்கையில் போகாதீர்கள். ராணுவப் பிரிவுக்கு எந்த குரூப்பில் பிளஸ் டூ முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் கட்டாயம். பெண்களுக்கு 2022-லிருந்து இந்தக் கதவு திறந்திருக்கிறது.

அடுத்தது டிஇஎஸ் எனப்படும் ராணுவத்தின் தொழில்நுட்ப நுழைவு. கம்ப்யூட்டர் ஆசை உள்ள பையன்களுக்கு இதுதான் சரியான வழி என்பது எங்கள் கருத்து. 3 ஆண்டு பொறியியல், பிறகு டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமியில் (ஐஎம்ஏ) 1 ஆண்டு. பொறியியல் பகுதி புனே, மோவ், செகந்திராபாத் ஆகிய மூன்று ஊர்களில் உள்ள ராணுவப் பொறியியல் கல்லூரிகளில் நடக்கும். மத்தியப் பிரதேசத்தின் மோவ்வில் இருக்கும் எம்சிடிஇ, ராணுவத்தின் தகவல் தொடர்பைக் கவனிக்கும் சிக்னல்ஸ் படையின் கல்லூரி. தகவல் தொழில்நுட்பமும் தொலைத்தொடர்பும் அங்கேதான். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் சேர்ந்து 60 சதவீதம் வேண்டும். எழுத்துத் தேர்வு தனியாகக் கிடையாது. ஜேஇஇ மெயின் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கோட்டை விடுவது இந்த 'அவ்வளவுதான்' என்ற இடத்தில்தான். இங்கே பொறியியல் கலந்தாய்வுக்கு பிளஸ் டூ மதிப்பெண் போதும், நுழைவுத் தேர்வு கிடையாது. அதனால் மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்களில் பலர் ஜேஇஇ பக்கமே போவதில்லை. மே மாதம் ரிசல்ட் வந்து, டிஇஎஸ் அறிவிக்கையைப் பார்த்து, 'ஜேஇஇ எழுதியிருக்க வேண்டுமாமே' என்று தெரியும்போது அந்த வருடத் தேர்வு முடிந்திருக்கும். பிளஸ் டூ படிக்கும்போதே, முந்தைய ஆண்டு நவம்பருக்குள், ஜேஇஇ மெயினுக்குப் பதிவு செய்துவிடுங்கள். ஐஐடி கனவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பது கூடுதல் வசதி.

கடற்படையின் பிளஸ் டூ பி.டெக். நுழைவு கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்து எழிமலையில். அதற்கும் ஜேஇஇ வேண்டும், மூன்று பாடங்களில் 70 சதவீதமும் வேண்டும். ஆனால் அங்கே கிடைப்பது எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் சார்ந்த பட்டங்கள்.

பட்டம் முடித்த பிறகு

பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸோ ஐடியோ முடித்தவர்களுக்கு (இறுதியாண்டில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம்) ராணுவத்தின் எஸ்எஸ்சி டெக், அதாவது குறுகிய காலப் பணிக்கான தொழில்நுட்ப நுழைவு இருக்கிறது. வயது 20 முதல் 27. ஆண், பெண் இருபாலருக்கும் உண்டு. பயிற்சி எந்த அகாடமியில் என்பதை அந்தந்த அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். நிரந்தரப் பணி வேண்டும் என்றால் டேராடூன் வழியாக டிஜிசி எனப்படும் தொழில்நுட்பப் பட்டதாரி நுழைவு. இரண்டிலும் எழுத்துத் தேர்வு இல்லை. பொறியியல் மதிப்பெண்ணை வைத்து ராணுவம் கட்-ஆஃப் போடும். கம்ப்யூட்டர் பிரிவில் விண்ணப்பம் குவியும் என்பதால் 60 சதவீதத்தோடு அழைப்பு வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதற்கு ஒரு முக்கியக் காரணம் பட்டத்தின் பெயர். அறிவிக்கையில் ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே ஏற்கப்படும் படிப்புகளின் பட்டியல் இருக்கும். உங்கள் சான்றிதழில் அச்சான பெயர் அதில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது சென்னைக் கல்லூரிகளில் செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயன்ஸ், சைபர் செக்யூரிட்டி, பிசினஸ் சிஸ்டம்ஸ் என்று எத்தனையோ பெயரில் பி.டெக். ஓடுகிறது. 'எல்லாம் கம்ப்யூட்டர்தானே' என்ற வாதம் ஆவணச் சரிபார்ப்பில் எடுபடாது. சேரும் முன்பே பழைய அறிவிக்கை ஒன்றை இறக்கிப் பார்த்துவிட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். சிஜிபிஏ-வைச் சதவீதமாக மாற்றும் விதி ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மாறும். அதற்கான கடிதத்தைக் கல்லூரி அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பி.சி.ஏ. படித்து எம்.சி.ஏ. முடித்தவர்கள் மனம் தளர வேண்டாம். கடற்படை, எக்ஸிக்யூட்டிவ் பிரிவில் தகவல் தொழில்நுட்பத்துக்கென்றே குறுகிய காலப் பணி நுழைவு நடத்துகிறது, அதில் எம்.சி.ஏ.-வும் ஏற்கப்படும். பத்திலோ பன்னிரண்டிலோ ஆங்கிலத்தில் 60 சதவீதம் எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. விமானப்படைக்கு ஏஎஃப்கேட் தேர்வு. ஏரோநாட்டிகல் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் கம்ப்யூட்டர் பட்டதாரிகளை எடுப்பார்கள். 100 கேள்வி, 300 மதிப்பெண், 2 மணி நேரம், தவறான விடைக்கு 1 மதிப்பெண் போகும்.

என்டிஏ எழுத்துத் தேர்வு

யூபிஎஸ்சி ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. சென்னையிலேயே மையம் உண்டு. கணிதம் 300 மதிப்பெண், 120 கேள்வி. பொது அறிவுத் தாள் 600 மதிப்பெண், 150 கேள்வி. இரண்டுக்கும் தலா இரண்டரை மணி நேரம். அதாவது கணக்குக்கு ஒரு கேள்விக்கு 75 விநாடி, மற்றதில் ஒரு நிமிடம். தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும்: கணிதத்தில் 0.83, பொதுத் தாளில் 1.33. நான்கு விடைகளில் இரண்டை உறுதியாக ஒதுக்க முடிந்தால் மீதி இரண்டில் ஒன்றைக் குறிப்பது லாபம். ஒன்றைக்கூட ஒதுக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். நான்கில் ஒன்று என்று குருட்டாம்போக்கில் அடித்தால் வரவும் செலவும் சரியாகப் போய்விடும், நேரம்தான் வீண்.

கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் வழியில் அணிக்கோவை, நிகழ்தகவு, வகையீடு என்று படித்தவருக்குக் கணக்கு தெரியும், ஆனால் கேள்வி என்ன கேட்கிறது என்பதிலேயே 30 விநாடி ஓடிவிடும். பழைய கேள்வித்தாள்கள் ஐந்தாறை எடுத்து அதில் வரும் கணிதச் சொற்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, இரண்டு மாதம் ஆங்கிலத் தாளிலேயே பயிற்சி செய்தால் இது சரியாகிவிடும். ஒவ்வொரு தாளிலும் தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. கணக்கில் புலி என்பதற்காகப் பொது அறிவைக் கைவிட்டால் மொத்தமும் போகும்.

எஸ்எஸ்பி, உடம்பு, மருத்துவம்

எல்லா வழியும் எஸ்எஸ்பி எனப்படும் படைத் தேர்வு வாரியத்தின் நேர்முகத்தில்தான் போய்ச் சேரும். ஐந்து நாள். முதல் நாள் வடிகட்டல். அன்றே பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பப்படுவது சாதாரணம். பெங்களூருதான் வரும் என்று எண்ணாதீர்கள். பிரயாக்ராஜ், போபால், ஜலந்தர் எங்கு வேண்டுமானாலும் விழலாம். ஜனவரியில் அங்கெல்லாம் சென்னைச் சட்டையோடு இறங்கினால் சளியும் இருமலுமாகத்தான் தேர்வு எழுத வேண்டியிருக்கும்.

உளவியல் தேர்வில் ஒரு சொல்லுக்கு 15 விநாடி வீதம் 60 சொல், 30 நிமிடத்தில் 60 சூழ்நிலை, படத்தைப் பார்த்துக் கதை என்று ஓடும். கோச்சிங் சென்டர் மனப்பாடக் கதைகளைக் கொட்டினால், மறுநாள் களத்தில் நீங்கள் நடந்துகொள்ளும் விதம் அந்தக் கதைகளோடு ஒட்டாது. மதிப்பிடுபவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பொறியியல் மாணவர்களிடம் நேர்முகத்தில் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைக் கேட்காமல் விடமாட்டார்கள். ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்கி பைண்டிங் போட்டுக் கொடுத்தவர்கள் மாட்டுவது இங்கேதான். சின்னதாக இருந்தாலும் நீங்களே செய்ததாக இருக்கட்டும். அது எந்த இடத்தில் உடையும் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

எஸ்எஸ்சி டெக் அறிவிக்கைகள் ஆண்களுக்குக் கேட்கும் உடல் தகுதி: 2.4 கிலோமீட்டர் 10 நிமிடம் 30 விநாடியில், புஷ்-அப் 40, புல்-அப் 6, சிட்-அப் 30. பெண்களுக்கு 13 நிமிடம், புஷ்-அப் 15, புல்-அப் 2, சிட்-அப் 25. 400 மீட்டர் டிராக்கில் ஆறு சுற்று, சுற்றுக்கு 1 நிமிடம் 45 விநாடி என்று மனதில் வைத்துக்கொண்டு ஓடுங்கள். வாரத்தில் ஒரு நாள் 400 மீட்டரை 1 நிமிடம் 40 விநாடியில் ஆறு முறை, இடையே 90 விநாடி நடை. இன்னொரு நாள் மெதுவாக 5 கிலோமீட்டர். மூன்றாவது நாள் முழு 2.4. சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். மெரினா, பெசன்ட் நகர் மணலில் தினமும் ஓடுவது வீரமாகத் தோன்றும். கெண்டைக்காலும் கணைக்கால் எலும்பும் வீங்குவதுதான் மிச்சம். நீச்சல் தெரியாதவர்கள் வேளச்சேரி நீச்சல் குளத்தில் இப்போதே சேருங்கள். அகாடமியில் போய்க் கற்றுக்கொள்ளலாம்தான், ஆனால் அந்த நேரம் உங்கள் படிப்பு நேரத்திலிருந்து போகும்.

மருத்துவப் பரிசோதனையில் கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு வரும் தடை கண். எவ்வளவு பவர் வரை அனுமதி என்பது நுழைவுக்கு நுழைவு மாறும். விண்ணப்பிக்கும் முன்பே கண் மருத்துவரிடம் பவரையும் நிறப் பார்வையையும் பார்த்துவிடுங்கள். காதில் அழுக்கு, சொத்தைப் பல் போன்ற சில்லறை விஷயங்களுக்காகத் தற்காலிகமாக நிறுத்தப்படுபவர்கள் ஏராளம். பஞ்சுக்குச்சியால் காதைக் குடையாமல் டாக்டரிடம் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

போகும் முன் கற்றுக்கொள்ள வேண்டியவை

தேர்வானதற்கும் சேர்வதற்கும் இடையே சில மாதம் கிடைக்கும். அந்தச் சில மாதத்தில் படித்தது உள்ளே மூன்று வருடம் காப்பாற்றும். உள்ளே போனபின் விடிய விடிய இணையத்தில் தேடிக் கற்றுக்கொள்ள இடமில்லை.

மாநிலப் பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர் என்றால் பதினொன்றில் சி பிளஸ் பிளஸ்ஸும் பன்னிரண்டில் பைத்தானும் படித்திருப்பீர்கள். அதை ஒதுக்கிவிட்டுப் புது மொழிக்குத் தாவாதீர்கள். பாயின்டர், லிங்க்டு லிஸ்ட், ஸ்டாக், க்யூ, பைனரி தேடல், இரண்டு வகை வரிசைப்படுத்தல்: இவற்றைக் காகிதத்தில், பேனாவால், இணையமில்லாமல் எழுதிப் பழகுங்கள். லிங்க்டு லிஸ்ட்டின் நடுவில் ஒரு கணுவைச் செருகும் நிரலை 15 நிமிடத்தில் பிழையின்றி எழுத வர வேண்டும். பெரும்பாலோர் பழைய இணைப்பை முதலில் அறுத்துவிட்டுப் புதிய கணுவைக் கோர்ப்பார்கள். பட்டியலின் மிச்சம் அநாதையாகிவிடும். புதிய கணுவின் இணைப்பை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகுதான் பழையதை மாற்ற வேண்டும்.

ராணுவத்துக்கு நெட்வொர்க்தான் உயிர். ஆகவே இதில் கொஞ்சம் அதிகமாகவே உழைக்கலாம். நெட்வொர்க்கைத் திரையிலேயே அமைத்துப் பார்க்கும் பாக்கெட் டிரேசர் மென்பொருளை லேப்டாப்பில் நிறுவி இதைச் செய்துபாருங்கள். 192.168.10.0 என்ற முகவரித் தொகுதியை 255.255.255.192 மாஸ்க் (எந்த முகவரிகள் ஒரே பிரிவு என்று கணினிக்குச் சொல்லும் எண்) வைத்து நான்காகப் பிரியுங்கள். பிரிவுகள் 0, 64, 128, 192-ல் தொடங்கும். ஒவ்வொன்றிலும் 64 முகவரி; முதலாவது நெட்வொர்க்குக்கு, கடைசி பிராட்காஸ்ட்டுக்கு, மீதி 62. அதில் ஒன்று ரவுட்டருக்கு. எல்லாம் ஓடியதும் வேண்டுமென்றே ஒன்றைக் கெடுங்கள்: முதல் பிரிவில் இருக்கும் 192.168.10.20 கணினியின் மாஸ்க்கை மட்டும் 255.255.255.0 என்று மாற்றுங்கள்.

இப்போது அது தன் பிரிவில் உள்ள .30-ஐ எட்டும். ரவுட்டர் வழியாக வெளி நெட்வொர்க்கையும் எட்டும். ஆனால் அடுத்த பிரிவில் உள்ள .70-ஐ எட்டாது. காரணம், மாஸ்க் மாறியதால் .70-ம் தன் தெருவில்தான் இருக்கிறது என்று அது நம்புகிறது. ரவுட்டரிடம் கொடுக்காமல் 'இந்த முகவரி யாருடையது' என்ற ஆர்ப் (ARP) கேள்வியைத் தன் பிரிவுக்குள்ளேயே கூவுகிறது. ரவுட்டர் அந்தக் கூவலை மறுபக்கம் கடத்தாது, பதிலும் வராது. இந்தப் பக்கம் வேலை செய்கிறது, வெளியும் வேலை செய்கிறது, நடுவில் மட்டும் இல்லை என்றால் முதலில் மாஸ்க்கைப் பாருங்கள். கேபிளை மாற்றி மாற்றிச் செருகி அரை நாளைத் தொலைக்க வேண்டியதில்லை. சிஸ்கோ ரவுட்டரில் ப்ராக்ஸி ஆர்ப் இயல்பாகவே இயங்கும். அது ஆனில் இருந்தால் ரவுட்டரே .70-க்காகப் பதில் சொல்லிக் கோளாறை மறைத்துவிடும். அதை அணைத்துவிட்டுச் சோதித்தால்தான் பாடம் புரியும்.

டேட்டாபேஸுக்கு ஆயுதக் கிடங்குப் பதிவேட்டை மாதிரியாக எடுத்துக்கொள்ளுங்கள். கேடட், ஆயுதம், வழங்கல் என்று மூன்று அட்டவணை. ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியாகப் பெயரை வைக்காதீர்கள். ஒரே ஸ்குவாட்ரனில் மூன்று கார்த்திக் இருப்பார்கள். திரும்பி வந்த நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தால் ஆயுதம் இன்னும் வெளியே என்று பொருள். அதைத் தேட 'சமம் நல்' (= NULL) என்று எழுதினால் ஒரு வரிசையும் வராது, பிழைச் செய்தியும் வராது. எல்லாம் திரும்பிவிட்டது போலத் தோன்றும். 'ஈஸ் நல்' (IS NULL) என்றே எழுத வேண்டும். நல் எதற்கும் சமமில்லை, இன்னொரு நல்லுக்கும்கூட.

உள்ளே போனபின்

விடியும் முன் எழுந்து, உடற்பயிற்சி, டிரில் எல்லாம் முடித்துத்தான் வகுப்பறைக்கு வருவீர்கள். ஏசி அறை, புரொஜெக்டர், மங்கிய வெளிச்சம்: தூக்கம் சொக்கும். எதிர்த்துப் போராடி உட்கார்ந்தே தூங்குவதைவிட, அனுமதி கேட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டு குறிப்பெடுப்பது மேல். லேப் ரெக்கார்டை அன்றன்றே எழுதிவிடுங்கள். கேம்ப்புக்குப் போகும் வாரம் எதுவும் எழுத முடியாது, திரும்பி வந்தால் உடம்பு கேட்காது, அதற்குள் சமர்ப்பிக்கும் தேதி தாண்டியிருக்கும். மருத்துவமனையில் படுத்துவிட்டால் நோட்டை வாங்கித் தரப் பக்கத்து அறை நண்பன் ஒருவன் வேண்டும். அதற்கு நீங்களும் அவனுக்குத் துப்பாக்கி சுத்தம் செய்யும்போது கை கொடுத்திருக்க வேண்டும்.

பாடத்தில் தோற்றால் ஒரு டெர்ம் பின்னால் தள்ளுவார்கள். உடன் சேர்ந்தவர்களைவிட நீங்கள் ஜூனியர் ஆவீர்கள். மறுபடியும் தோற்றால் வெளியேற்றம் வரை போகும். உங்கள் விருப்பத்தின் பேரில் நடுவில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். சேரும்போது அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடும் பத்திரத்தில் அது இருக்கும். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

போனும் இணையமும் நினைத்தபோது கிடைக்காது. பைத்தானுக்குள்ளேயே இருக்கும் ஹெல்ப் வசதியை, லினக்ஸின் மேனுவல் பக்கங்களைப் படிக்கப் பழகியவருக்கு இது பெரிய இழப்பாகத் தெரியாது. சொந்தப் பென் டிரைவை அலுவலகக் கணினியில் செருகுவது விளையாட்டான குற்றமில்லை; தனித்து வைக்கப்பட்ட நெட்வொர்க்குக்குள் வைரஸ் போக இருக்கும் வழிகளில் முக்கியமானது அதுதான். ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பயிற்சிச் செயலி 2017 நவம்பரில் வெளியிட்ட வரைபடத்தில், வீரர்கள் ஓடிய தடங்களை வைத்தே பல நாட்டு ராணுவ முகாம்களின் உருவம் தெரிவது 2018 ஜனவரியில் அம்பலமானது. 2020 ஜூலையில் இந்திய ராணுவம் 89 செயலிகளை நீக்கச் சொன்னது. ஓட்டத்தைப் பதிவு செய்யும் வாட்சைக் கையில் கட்டிக்கொண்டு போகிறவர்கள் இடப் பகிர்வை வீட்டிலேயே அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். வளாகத்தில் எடுத்த செல்ஃபியை அத்தை, சித்தப்பா இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் இதே வகைதான்.

சிக்னல்ஸ் படைக்கு ஒதுக்கப்பட்டால் இளம் அதிகாரிகளுக்கான கோர்ஸ் மறுபடியும் மோவ்வில். சில வருடப் பணிக்குப் பிறகு எம்.டெக்.-குக்கும் ராணுவமே அனுப்பும், தேர்ந்தெடுத்துத்தான். அப்போது கேட்கப்படும் செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், பாடத்திட்ட நகல் இரண்டையும் பட்டம் வாங்கும் நாளிலேயே மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வீட்டில் கொடுத்து வையுங்கள். எல்லையில் இருந்துகொண்டு பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதி வாங்குவதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்துவிடும்.